கேள்வி பதில்: பொட்டாஷ் மூட்டை, பவுண்டரி மெக்னீசியம், போர் தண்ணீர்

கோபி, பிளஸ் ஒன் மாணவி: சார், ஆர்கானோட அணு நிறை 39.95, பொட்டாசியம் 39.10. கனமான ஆர்கான் 18ஆம் கட்டத்துல, லேசான பொட்டாசியம் 19ஆம் கட்டத்துல இருக்கே. தனிம அட்டவணை தப்புங்களா?

அட்டவணை சரிதான் கண்ணு. எடையை வைத்து அடுக்கினால்தான் தப்பு வரும். 1869இல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் தனிமங்களை அடுக்கியபோது கையில் இருந்த அளவு அணு நிறை ஒன்றுதான். புரோட்டானை அப்போது யாரும் அறியவில்லை. 1913இல் இங்கிலாந்து இயற்பியலாளர் மோஸ்லி, தனிமங்கள் விடும் எக்ஸ் கதிரின் அதிர்வெண்ணை அளந்தார். கட்டத்துக்குக் கட்டம் அது சீராக ஏறியது. அந்த ஏற்றம் எடையோடு ஒத்துப்போகவில்லை, உட்கருவின் மின்சுமையோடு ஒத்துப்போனது. 18 புரோட்டான் இருந்தால் ஆர்கான், 19 இருந்தால் பொட்டாசியம். நியூட்ரான் கூடிக் குறைந்தால் எடைதான் மாறும், பேர் மாறாது.

காற்றிலுள்ள ஆர்கானில் 99.6 சதவீதம் 22 நியூட்ரான் கொண்ட ஆர்கான்-40. பொட்டாசியத்தில் 93 சதவீதம் பொட்டாசியம்-39. சராசரி எடுத்தால் ஆர்கான் முந்திவிடும். இதில் இன்னொரு அழகும் இருக்கிறது. பாறையிலுள்ள பொட்டாசியம்-40இல் ஒரு பங்கு, தன் எலக்ட்ரான் ஒன்றை உட்கருவுக்குள் இழுத்து, ஒரு புரோட்டானை நியூட்ரானாக்கிக்கொண்டு ஆர்கான்-40 ஆகிறது. அரை ஆயுள் சுமார் 125 கோடி ஆண்டு. வெல்டிங் பட்டறை சிலிண்டரில் வரும் ஆர்கானில் பெரும்பகுதி, ஒரு காலத்தில் பாறைக்குள் பொட்டாசியமாக இருந்ததுதான்.

சிவகிரி, மஞ்சள் விவசாயி: பொட்டாஷ் மூட்டையில 60 சதவீதம்னு போட்டிருக்குதுங்க. அத்தனையும் பொட்டாசியமுங்களா?

இல்லைங்க. அந்த 60, பொட்டாசியம் ஆக்சைடாகக் கணக்குப் போட்ட எண். மூட்டைக்குள் ஆக்சைடே கிடையாது, இருப்பது பொட்டாசியம் குளோரைடு. பழைய காலத்து ஆய்வு முறையில் வந்த வழக்கம் அப்படியே நின்றுவிட்டது. ஆக்சைடில் 83 சதவீதம்தான் பொட்டாசியம். ஆகவே 50 கிலோ மூட்டையில் கணக்குக்கு 30 கிலோ சாம்பல் சத்து, நிஜத்தில் சுமார் 25 கிலோ பொட்டாசியம், 22 கிலோவுக்கு மேல் குளோரைடு.

ஆனால் பரிந்துரையில் சொல்லும் சாம்பல் சத்தும் அதே ஆக்சைடு கணக்குதான். 30 கிலோ போடச் சொன்னால் ஒரு மூட்டை போதும். நிறையப் பேர் இங்கே இரண்டாவது முறை பெருக்கி, கூடுதலாகப் போட்டுவிடுகிறார்கள். ஏற்கனவே உப்புத் தண்ணீர் பாயும் காடாக இருந்தால் குளோரைடு மேலும் சேரும். அங்கே பொட்டாசியம் சல்பேட் நல்லது.

கோவை கணபதி, பவுண்டரி சூப்பர்வைசர்: எஸ்.ஜி. அயர்ன், அதாவது உள்ளே கிராஃபைட் உருண்டையா இருக்கிற வார்ப்பிரும்பு ஊத்தறோம். ஒரே லேடில்தான் (உருகின இரும்பைப் பிடிச்சு ஊத்துற வாளி), முதல் நாலு மோல்டு நல்லா இருக்கு, கடைசி ரெண்டும் லேப்ல நாடுல் (கிராஃபைட் உருண்டை) சரியில்லைன்னு திரும்பி வருது. ஏனுங்க?

கிராஃபைட்டை உருண்டையாக்குவது மெக்னீசியம்; அது வழியிலேயே தீர்ந்துபோகிறது. ஒரு டன் உருக்குக்கு, அதாவது உருகிய இரும்புக்கு, கணக்குப் பாருங்க. 6 சதவீத மெக்னீசியம் உள்ள ஃபெரோ சிலிக்கான் மெக்னீசியம் அலாய் 15 கிலோ போட்டால், மெக்னீசியம் 900 கிராம். அது 1,090 டிகிரியிலேயே கொதிக்கிற உலோகம். உங்கள் இரும்போ 1,450க்கு மேல். போட்டதும் ஆவியாகி, வெள்ளையாக எரிந்து, பாதி போய்விடும். மிச்சம் 450 கிராம்.

அடுத்து கந்தகம் தன் பங்கைப் பிடுங்கும். மெக்னீசியம் இரண்டாம் தொகுதி, வெளிக்கூட்டில் இரண்டு எலக்ட்ரான், தள்ளிவிடக் காத்திருக்கிறது. கந்தகம் பதினாறாம் தொகுதி, அதற்கு இரண்டு குறைகிறது. ஒன்றுக்கொன்று பொருந்திவிடும். எடைக் கணக்கில் 32 கிராம் கந்தகத்துக்கு 24 கிராம் மெக்னீசியம். உருக்கில் கந்தகம் 0.02 சதவீதம் இருந்தால் டன்னுக்கு 200 கிராம்; அது 150 கிராம் மெக்னீசியத்தை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது 300 கிராம், அதாவது 0.03 சதவீதம். கிராஃபைட் உருண்டையாக வர 0.035க்கு மேல் இருப்பது நல்லது. ஆக, நீங்கள் தொடங்கும்போதே விளிம்பில்தான் நிற்கிறீர்கள். லேடில் நின்றுகொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இன்னும் கொஞ்சம் போகும். அதோடு, மேலே மிதக்கும் ஸ்லாக்கில் (கசடில்) உள்ள மெக்னீசியம் சல்பைடு காற்றுப் பட்டு ஆக்சைடாக மாறி, கந்தகத்தைத் திரும்ப உருக்குக்குள்ளேயே விடும்.

அலாயைக் கூட்டுவதை விட முதலில் கந்தகத்தைக் குறையுங்க. கார்பன் ஏற்றப் போடும் கோக்கில் கந்தகம் எவ்வளவு என்று சான்றிதழில் பாருங்க; கிராஃபைட் எலக்ட்ரோடு தூளில் அது மிகக் குறைவு. லேடில் உயரம் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கட்டும். அலாயை அடிக்குழியில் போட்டு, மேலே ஸ்டீல் பஞ்சிங் துண்டு மூடி, அப்புறம் உருக்கைப் பிடியுங்க. எரிந்து அடங்கியதும் ஸ்லாக்கை வழித்துவிட்டு, பத்து நிமிடத்துக்குள் ஊற்றி முடியுங்க. லேப் முடிவு வரும்வரை காத்திருக்காமல், ஆறின வார்ப்பைச் சுத்தியலால் தட்டிப் பாருங்க. நல்ல எஸ்.ஜி. மணி மாதிரி நீண்டு ஒலிக்கும், கிராஃபைட் தட்டையாகிப்போனது மொத்தென்று அடங்கும்.

தனி மெக்னீசியத் தூளோ சீவலோ தீப்பிடித்தால் தண்ணீர் அடிக்கவே கூடாது, ஹைட்ரஜன் வந்து வெடிக்கும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் உதவாது. அதிலுள்ள ஆக்சிஜனையும் பிடுங்கி மெக்னீசியம் எரியும். உலோகத் தீக்கான டி வகை அணைப்பான் பவுடர் வாங்கி வையுங்க.

சேலம்: எங்க ஊர் வெள்ளைக்கல்லும் மெக்னீசியம்தானே? அலாய் விலைக்கு, அதையே அரைச்சுப் போட்டா என்னங்க?

வேண்டாமுங்க. வெள்ளைக்கல் மெக்னீசியம் கார்பனேட். அதில் உள்ள மெக்னீசியம் அந்த இரண்டு எலக்ட்ரானையும் என்றைக்கோ கொடுத்து முடித்துவிட்டது; கந்தகத்துக்குக் கொடுக்க அதனிடம் எதுவும் இல்லை. உருக்கில் போட்டால் கல் உடைந்து வாயு கிளம்பி, இரும்பு தெறிக்கும். 100 கிலோ கல்லைச் சுட்டால் 52 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய், 48 கிலோ மெக்னீசியா மிஞ்சும். அது உருக 2,800 டிகிரி வேண்டும். அதனால்தான் அந்தக் கல் உலைக்குள் செங்கலாக நிற்கிறது. அலாயில் இருப்பதும் கல்லில் இருப்பதும் ஒரே 12 புரோட்டான் மெக்னீசியம்தான், நிலைதான் வேறு.

அவிநாசி: போர் தண்ணிக்கு சாஃப்ட்னர் போட்டோம். சோப்பு நல்லா நுரைக்குது, ஆனா டி.டி.எஸ். (தண்ணியில கரைஞ்ச உப்போட மொத்த அளவு) இறங்கவே இல்லைங்க. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லைங்க. சாஃப்ட்னர் உப்பை எடுப்பதில்லை, ஆளை மாற்றுகிறது: ஒரு கால்சியத்தைப் பிடித்துவிட்டு இரண்டு சோடியத்தை விடும். கால்சியம் 40, இரண்டு சோடியம் 46. எடை ஒரு துளி கூடத்தான் செய்யும். கடினத்தன்மை கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் என்றால், அதெல்லாம் கால்சியமாக இருக்கும் பட்சத்தில், லிட்டருக்கு 240 மில்லிகிராம் கால்சியம் போய் 276 சோடியம் வரும். குளிக்க, துவைக்கச் சரி. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் குடிக்கவோ, செடிக்கு ஊற்றவோ வேண்டாம். டி.டி.எஸ். இறங்க ஆர்.ஓ. தான் வழி.

சாஃப்ட்னருக்குள் கால்சியத்தைப் பிடிப்பது ரெசின். பிடித்த கால்சியத்தைக் கழற்ற, ரெசின் லிட்டருக்கு 150 கிராம் உப்பு, 10 சதவீதக் கரைசலாக, அரை மணி நேரம் மெதுவாக ஓட விடுங்க. வேகமாக விட்டால் கால்சியம் முழுதாகக் கழன்று வராது.

காங்கேயம்: படியூர்ல கிடைச்ச கடல் நீலக்கல்லும் (அக்வாமரின்) மரகதமும் ஒரே கல்லுங்களா?

ஆமாங்க, இரண்டும் பெரில் என்ற கனிமம். பெரிலியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன். துளி இரும்பு கலந்தால் கடல் நீலம், குரோமியமோ வனேடியமோ கலந்தால் மரகதப் பச்சை.

கோபி, பிளஸ் ஒன் மாணவி: மூணாவது கூட்டுல 18 எலக்ட்ரான் கொள்ளும்னு புத்தகத்துல இருக்கு. அப்புறம் பொட்டாசியம் ஏன் 2, 8, 8, 1?

மூன்றாம் கூட்டின் கடைசி அறையான 3டி-யை விட, நாலாம் கூட்டின் முதல் அறையான 4எஸ் அந்த இடத்தில் ஆற்றல் குறைந்தது. அதனால் 19ஆவது எலக்ட்ரான் அங்கே போய் உட்காரும். 21ஆம் தனிமம் ஸ்கேண்டியத்திலிருந்து 3டி நிறையத் தொடங்கும். இரும்பு வரும்போது 2, 8, 14, 2.

இழக்கும்போது வெளியே இருக்கிற 4எஸ் இரண்டும்தான் முதலில் போகும். அந்த நிலையில் இரும்பு போர் தண்ணீரில் நிறமில்லாமல் கரைந்திருக்கும். காற்றுப் பட்டால் 3டி-யிலிருந்தும் ஒன்று போய், கரையாத பழுப்புக் கசடாகிவிடும். மோட்டார் போட்டவுடன் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, மூடாமல் இரவு முழுக்க வைத்துப் பார். காலையில் அடியில் பழுப்புப் படிந்திருந்தால் இரும்பு இருக்கிறது. அவிநாசிக்காரரும் இதைச் செய்து பார்க்கட்டும். அப்படிப் படிந்தால் சாஃப்ட்னருக்கு முன்னால் இரும்பு ஃபில்டர் வைக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் கசடு ரெசின் மேல் ஒட்டி அதைக் கெடுத்துவிடும்.