பீமை எந்தப் பக்கம் திருப்புவது? மொட்டைமாடி ஹாம்களின் கேள்விகளும் என் பதில்களும்

சென்னையில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், 20 மீட்டர் பேண்டுக்கு (14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை) மூன்று எலிமென்ட் யாகி வைத்துப் பல வருடம் ஆகிறது. ஒரு தண்டில் மூன்று அலுமினியக் குழாய்களை (எலிமென்ட்) குறுக்கே மாட்டிய ஆன்டெனா அது, ஒரு திசையில் குவித்து அனுப்புவதால் பீம் என்போம். பீம் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று மற்ற ஹாம்களிடம், அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுபவர்களிடம், சொன்னேன், கேட்டுவிட்டார்கள்.

சார், 100 வாட் செட்டும் டைபோலும் (சாதா கம்பி ஆன்டெனா) இருக்கிறது. பீம் போட்டால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா, இல்லை காசுக்குக் கேடா?

தெரியும். அதே உயரத்து டைபோலைவிட மூன்று எலிமென்ட் யாகி ஏறக்குறைய 5, 6 டெசிபல் கூடுதலாகத் தரும். 6 டெசிபல் என்றால் நான்கு மடங்கு, அதாவது பீம் பார்க்கிற திசையில் மட்டும் உங்கள் 100 வாட் 400 வாட் மாதிரி. ஆனால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் காதுக்குத்தான். முதல் நாள் சும்மா சுற்றிப் பார்த்தபோது ஒரு இடத்தில் செட்டின் சிக்னல் மீட்டரில் எஸ் 7-ல் நின்ற இரைச்சல் எஸ் 3-க்கு விழுந்தது. எலிமென்ட்களின் நுனி எதிர்வீட்டைப் பார்த்து நின்ற இடம் அது, நுனிப் பக்கம் பீமுக்குக் காது மந்தம். இத்தனை வருடம் "பேண்ட் சரியில்லை" என்று நான் புலம்பியதெல்லாம் அவர்கள் வீட்டு இன்வெர்ட்டர்!

மேற்கே திருப்பி வைத்து மணிக்கணக்கில் கூப்பிடுகிறேன், அமெரிக்காவிலிருந்து ஒருவரும் வருவதில்லை. ஆப்பிரிக்காக்காரர்கள்தான் வருகிறார்கள்.

வராமல் என்ன செய்வார்கள், நீங்கள் கூப்பிடுவதே அவர்களைத்தானே. சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தை நம்பினால் இப்படித்தான் ஆகும். பிள்ளைகளின் உலக உருண்டையை எடுத்து, சென்னைக்கும் நியூயார்க்குக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், அது வட துருவத்துப் பக்கமாகப் போகும். இங்கிருந்து நியூயார்க் ஏறக்குறைய 337 டிகிரி (வடக்கு 0, கிழக்கு 90 என்று சுற்றி வரும் கணக்கு), லாஸ் ஏஞ்சல்ஸ் 20 டிகிரி, இரண்டுமே நம் கணக்கில் வடக்குதான். லண்டன் 320, டோக்கியோ 56. துருவம் வழியாகப் போகிற பாதை என்பதால் சூரியப் புயல் அடித்தால் அமெரிக்கா முதலில் காணாமல் போகும், அதற்கு ஆன்டெனாவைத் திட்டக் கூடாது.

இரண்டு மாடி வீடு. மேலே 3 மீட்டர் குழாய் போதுமா?

தரையிலிருந்து 10 மீட்டர் வந்துவிட்டால் 14 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் ஆகிவிட்டது, சரி. அதற்கும் கீழே என்றால் சிக்னல் பெரும்பாலும் வானத்தைப் பார்த்துப் போய்விடும், தூரத்துக்கு எட்டாது. குழாயைத் தண்ணீர்த் தொட்டியில் மட்டும் கட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணா, ரொட்டேட்டர் (பீமைத் திருப்பும் மோட்டார்) விலை கட்டுப்படி ஆகவில்லை. இல்லாமல் முடியாதா?

முடியும். பூமில் (எலிமென்ட்களைத் தாங்கும் நடுத்தண்டு) ஒரு நைலான் கயிறு, மாடிப்படி ஏற இரண்டு கால். மூன்று வருடம் அப்படித்தான் ஓட்டினேன், தொப்பையும் குறைந்தது.

நான் கல்லூரி மாணவி, இன்னும் லைசென்ஸ் எடுக்கவில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தைக் கேட்க என்ன பீம் வேண்டும்?

கேட்பதற்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம்மா. கடையில் கிடைக்கும் இரும்பு இஞ்ச் டேப்பை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்கு மூன்று துண்டாக வெட்டி, பிளம்பிங் பிவிசி குழாயில் மாட்டினால் யாகி தயார் (முன்னால் இருப்பது கொஞ்சம் குட்டை, பின்னால் இருப்பது கொஞ்சம் நீளம், நடுத்துண்டை இரண்டாக வெட்டி அங்கே செட்டுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளைச் சேர்க்க வேண்டும், டேப்பின் பெயின்ட்டைச் சுரண்டாமல் சால்டர் ஒட்டாது). 145.800 மெகாஹெர்ட்ஸில் எஃப்எம். தலைக்கு மேல் கடக்க 10 நிமிடம்தான். பீமை அது போகும் பக்கமே நகர்த்திக்கொண்டு, சிக்னல் மங்கும்போது மணிக்கட்டைக் கால் சுற்று திருப்பிப் பார், சட்டென்று தெளியும்.

மழை பெய்தால் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா ஏற்காமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) ஏறுகிறது, வெயில் வந்தால் இறங்குகிறது.

கோஆக்ஸ் நுனியில் தண்ணீர். கேபிளுக்குள் இருக்கும் செம்பு வலை திரி மாதிரி உறிஞ்சிக் கீழே இறக்கிவிடும், செட் வரைக்கும் வந்ததைப் பார்த்திருக்கிறேன். நுனியை வெட்டிப் பாருங்கள், செம்பு கறுத்திருந்தால் கேபிளையே மாற்றுங்கள்.

உங்கள் பெரிய சொதப்பல் எது சார்?

2016 டிசம்பர் 12, வர்தா புயல். முந்தின நாளே இறக்கியிருக்க வேண்டும், சோம்பல். காலையிலிருந்து அடித்த காற்றுக்குப் பீம் ஆடியதே தவிர விழவில்லை. பிற்பகல் புயலின் கண் கடந்தபோது எல்லாம் அடங்கிவிட்டது, தப்பித்தோம் என்று டீ போடச் சொன்னேன். அப்புறம் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது பாருங்கள், டீ வருவதற்குள் மேலே ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் பூம் அப்படியே முழுசாகக் கிடக்கிறது, அலுமினியத்துக்கு ஒரு கீறல் இல்லை. அதைக் குழாயோடு பிடித்திருந்த யு போல்ட்தான் பாதி தடிமனுக்கு உப்புக்காற்றில் அரித்து, விரலால் தேய்த்தால் செதில் செதிலாக உதிர்ந்தது. இரும்புக் கடையில் சாதா போல்ட் வாங்கி மிச்சம் பிடித்தது அன்றைக்கு நூறு ரூபாய் இருக்கும். இப்போது எல்லாமே ஸ்டெயின்லெஸ், வருடா வருடம் செப்டம்பரில் ஸ்பானரோடு ஏறிவிடுகிறேன்.