மானின் மெலிவு நோயும் மரபணு மாற்றிய சுண்டெலியும்: கேள்வி பதில்

கேள்வி: வட அமெரிக்க மான்களைத் தாக்கும் மெலிவு நோயைச் சுண்டெலிகளை வைத்து ஆராய்கிறார்களாமே. மானையே வைத்து ஆராய்ந்தால் என்ன?

பதில்: ஆராய்கிறார்கள், ஆனால் செலவும் காலமும் கட்டுப்படியாவதில்லை. 1967-இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் அடைத்து வளர்த்த மியூல் மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்ட இந்நோய், மூளையைப் பஞ்சுபோல் துளைக்கும் வகையைச் சேர்ந்தது என்பதை எலிசபெத் வில்லியம்ஸ் 1970-களின் இறுதியில் கண்டறிந்தார். தொற்றிய மானிடம் அறிகுறி தெரிய ஒன்றரை ஆண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை அதன் எச்சிலும் மலமும் மண்ணில் கலக்காமல் காக்க வேண்டும். சுண்டெலிக்கோ ஓர் அறை போதும்.

கேள்வி: அப்படியானால் சாதாரண ஆய்வக எலி போதாதா?

பதில்: போதாது. இந்நோயை உண்டாக்கும் பிரியான் என்பது மடிப்புப் பிறழ்ந்த ஒரு புரதம். உடலில் இயல்பாகவே இருக்கும் அதே புரதத்தின் நல்ல வடிவத்தை அது தன் வடிவத்துக்கு இழுத்துக்கொள்கிறது. வந்த புரதமும் இருக்கும் புரதமும் அமினோ அமில வரிசையில் போதிய அளவு ஒத்திராவிட்டால் இந்த இழுப்பு நடப்பது அரிது; இதையே இனத் தடை என்கிறோம். அப்புரதத்துக்கான மரபணுவை நீக்கிய சுண்டெலிக்குப் பிரியான் நோயே வராது என்பதைச் சார்லஸ் வைஸ்மனின் குழுவினர் 1993-இல் காட்டினர். அத்தகைய எலியில் மானின் மரபணுவைச் சேர்த்தால், மானின் புரதம் மட்டுமே கொண்ட எலி கிடைக்கிறது. 2004-இல் கிளென் டெல்லிங்கின் குழு அவ்வாறு உருவாக்கிய எலிகள், நோயுற்ற விலங்குகளின் மூளைக் கரைசலைச் செலுத்திய ஏறத்தாழ 230 நாட்களில் நோயுற்றன.

கேள்வி: நோய் வந்ததை எப்படி அறிகிறார்கள்?

பதில்: மயக்கமூட்டி, ஒரு துளிக்கும் குறைவான கரைசலை மூளைக்குள் செலுத்திவிட்டு, மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. பிறகு ஒருநாள் மயிர் கலைந்து, முதுகு கூனி, நடை தள்ளாடும். வால் விறைத்து நிற்கும். இவை ஐயத்தை எழுப்பும் அடையாளங்களே. மூளையின் மெல்லிய சீவலில் நுண்துளைகளும் பிறழ்ந்த புரதப் படிவும் தென்பட்ட பிறகே முடிவு எழுதப்படும்.

கேள்வி: இதனால் மானைப் பற்றிப் புதிதாக என்ன தெரிந்தது?

பதில்: நோய் காட்டில் எப்படிப் பரவுகிறது என்ற புதிருக்கு நல்ல துப்பு கிடைத்தது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து மியூல் மான்களிடம் நரம்புக் கோளாறு தோன்றுவதற்கு 7 முதல் 11 மாதங்கள் முன்பே எடுத்த மலத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, மான் புரதம் கொண்ட எலிகளின் மூளையில் செலுத்தினார்கள். 15 மாதிரிகளில் 14 தொற்றின. சாதாரணக் கிருமியைக் கொல்லும் கதிர்வீச்சு பிரியானை அசைக்கவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். பார்வைக்கு நலமாக மேயும் மானே மேய்ச்சல் நிலத்தில் நோயை விதைத்துச் செல்கிறது என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. அதற்கு முன்பே, 2006-இல், மானின் தசையிலும் பிரியான் இருப்பதை இத்தகைய எலிகள் காட்டிக்கொடுத்திருந்தன.

கேள்வி: மானும், எல்க் எனும் பெரிய மான் இனமும் ஒன்றா?

பதில்: இப்புரதத்தில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஓர் இடத்தில்தான் வேறுபாடு: அமினோ அமில வரிசையின் 226-ஆம் இடத்தில் மானுக்குக் குளூட்டமின், எல்க்கிற்குக் குளூட்டமேட். அந்த ஒன்றே எந்தப் பிரியான் திரிபு (பிறழ்ந்த வடிவ வகை) மேலோங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது என்று 2019-இல் மரபணுவைத் துல்லியமாக மாற்றிப் பதித்த எலிகள் காட்டின.

கேள்வி: நான் ஆல்பர்ட்டாவில் வசிக்கிறேன். நண்பர் வேட்டையாடிய மான் இறைச்சி தருகிறார். உண்ணலாமா?

பதில்: சோதனை செய்து நோயில்லை எனத் தெரிந்தபின் உண்ணுங்கள்; சமைப்பதால் பிரியான் அழியாது. மனிதருக்கு இந்நோய் தொற்றியதாக உறுதிப்படுத்தப்பட்ட நிகழ்வு இதுவரை இல்லை. 2005-இல் மனிதப் புரதம் கொண்ட இரு எலி வகைகளுக்கு எல்க்கின் பிரியானைச் செலுத்தியபோது 657, 756 நாட்களைத் தாண்டியும் நோயின் தடயம் இல்லை. எல்க் புரதம் கொண்டவையோ 118 முதல் 142 நாட்களுக்குள் தொற்றுக்கு ஆளாயின. ஆனால் 2022-இல் கால்கரி ஆய்வாளர்கள், மனிதப் புரதத்தை மிகையாகச் சுரக்கும் எலிகள் சிலவற்றில் நீண்ட காலத்துக்குப்பின் வழக்கத்துக்கு மாறான தடயங்களையும் மலத்தில் பிரியானையும் கண்டார்கள். மிகையான புரதமும் மூளைக்குள் நேரடி ஊசியும் இயற்கையில் நிகழ்வன அல்ல என்பதால் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை; தடை ஒருபோதும் உடையாது என்று முதல் முடிவைச் சொல்லித் திரிவதும் சரியன்று.

கேள்வி: இப்போது சோதனைக்குழாயிலேயே பிரியானைப் பெருக்கிக் கண்டுபிடிக்கிறார்களே, எலி இனியும் தேவையா?

பதில்: அந்த முறை விரைவானது, மிகச் சிறு அளவையும் காட்டிவிடும். ஆனால் குழாயில் புரதத்தைப் பிறழச் செய்யும் எல்லாமே உயிருள்ள உடலில் நோயை உண்டாக்கும் என்பதில்லை. அதைச் சொல்ல இன்றும் ஒரு கூண்டும் எட்டு மாதப் பொறுமையும் வேண்டியிருக்கின்றன.