கேள்வி: முதல் குழந்தை ஐந்தாம் மாதம் கலைந்துவிட்டது. இப்போது 12 வாரம். கர்ப்பப்பை வாய் பலவீனம், தையல் போட வேண்டும் என்கிறார் டாக்டர். போட்டுக்கொள்ளலாமா?

போட்டுக்கொண்டவள் நான், அதனால் எழுதுகிறேன். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. "இவங்களுக்கு என்ன தெரியும்" என்று வருபவர்கள் இப்படியே திரும்பிவிடலாம்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் உங்கள் வீட்டில் யாரோ "எங்க காலத்துல தையலா போட்டோம்?" என்று ஆரம்பித்திருப்பார்கள். என் வீட்டில் ஆரம்பித்தார்கள்.

எனக்குப் போனது 20ஆவது வாரத்தில். வலியே இல்லை. இரண்டு நாளாக அடிவயிற்றில் ஒரு கனம், தண்ணீராக வெள்ளைப்பட்டது. சூடு என்று நினைத்து இளநீர் குடித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது வாய் திறந்து பனிக்குடம் பிதுங்கியிருந்தது. சாயங்காலத்துக்குள் முடிந்தது. ஆண் பிள்ளை.

அத்தை பப்பாளியில் தொடங்கி ஸ்கூட்டரில் முடித்தார். நானும் நம்பினேன், இரண்டு வருஷம் அந்த வண்டியைத் தொடவில்லை. பிறகு பார்த்த டாக்டர்தான் சொன்னார்: பிரசவம் வரை இறுக மூடியிருக்க வேண்டிய வாய், எனக்குப் பாரம் ஏற ஏறத் தானாகத் திறந்துகொள்கிறது, வலி வராததால்தான் தெரியவில்லை என்று. முன்பு செய்த டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) சிலருக்குக் காரணமாம். பலருக்குக் காரணமே தெரியாதாம். பப்பாளி பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த முறை 13ஆவது வாரத்தில் தையல். முதுகில் ஊசி, அரை மணி நேர வேலை, மறுநாள் வீடு. அப்புறம் இரண்டு வாரத்துக்கொரு தரம் உள்வழி ஸ்கேன். 24 வாரத்துக்குள் கர்ப்பப்பை வாயின் நீளம் 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கவலை. எனக்கு 27 வரை இறங்கி நின்றது. அத்தை கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் வைத்தார். சும்மா படுத்தே கிடப்பதால் பலன் உண்டென்று நிரூபணம் இல்லை என்று டாக்டர் எடுக்கச் சொன்னார். 37ஆவது வாரத்தில் தையலைப் பிரித்தார்கள், நாலாம் நாள் வலி எடுத்தது. மகளுக்கு இப்போது ஆறு வயது.

"எல்லாம் இப்போ வந்த வியாபாரம்" என்பவர்களுக்கு: இந்தத் தையலை 1955இல் எழுதி வெளியிட்டவர் பம்பாய் டாக்டர் ஷிரோத்கர். எனக்குப் போட்டது அதற்குப்பின் வந்த எளிய முறை, மெக்டொனால்ட்.

எல்லோருக்கும் தையல்தான் என்று சொல்லவில்லை. சிலருக்கு உள்ளே வைக்கும் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் மாத்திரையே போதும் என்பார்கள். இரட்டைக் கர்ப்பத்துக்குக் கணக்கு வேறு. தையலிலும் தொற்று, பனிக்குடம் உடைதல் போன்ற அபாயம் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். போட்ட பிறகு காய்ச்சல், ரத்தம், நீர்க்கசிவு, விட்டு விட்டு வலி, இதில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள். தையல் இருக்கும்போதே பிரசவ வலி முற்றினால் வாய் கிழியலாம்.

கேட்காத ஒன்று. முதல் பிள்ளை போனபோது ஆபீஸில் 11 நாளைச் சம்பளமில்லா விடுப்பாக எழுதினார்கள். அப்போதிருந்த 1961ஆம் வருஷத்து மகப்பேறு சட்டத்திலேயே கருச்சிதைவுக்கும் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு இருந்தது, மருத்துவச் சான்று கொடுத்தால் போதும். எனக்கு அது தெரிந்தது வேலையை விட்ட பிறகு. அங்கே எச்.ஆரில் இருந்ததும் ஒரு பெண்தான், இரண்டு பிள்ளைக்காரி.