மெய்தூம் பிரமிடுக்கு 'போலீஸ் அனுமதி' என்று டாலர் கேட்கிறார்களா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "ஜனவரியில் பெற்றோருடன் எகிப்து போகிறோம். கிசாவின் நெரிசலைவிட, கூட்டமில்லாத மெய்தூம் பிரமிடைப் பார்க்கத்தான் எங்களுக்கு ஆசை. அது பாலைவனப் பகுதி என்றும், வெளிநாட்டவர் போக போலீஸ், ராணுவ அனுமதி வேண்டும் என்றும், அதற்கு ஆளுக்கு 60 டாலரை முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்றும் ஏஜென்ட் சொல்கிறார். உண்மையா? அப்பாவுக்கு 68 வயது. மூட்டுவலியும் ரத்த அழுத்தமும் உண்டு. அவர் பிரமிடுக்குள் இறங்கலாமா?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இதைப் படிப்பதற்குள் அந்த ஏஜென்ட் இன்னொரு முறை நினைவூட்டியிருப்பார். பணம் அனுப்பாதீர்கள். மெய்தூமைப் பகலில் போய்ப் பார்த்துவரச் சுற்றுலாப் பயணி தலைக்கு இவ்வளவு என்று கட்டும் அனுமதிக் கட்டணம் எதுவும் இல்லை. தலத்துக்கு நுழைவு டிக்கெட் உண்டு. அதை வாசலில் வாங்கிக்கொள்ளலாம்.

ஏஜென்ட் முழுப்பொய் சொல்லவில்லை, அதுதான் இதில் சிக்கல். பாதி உண்மையை எடுத்துக்கொண்டு மீதிக்கு விலை போட்டிருக்கிறார். மெய்தூம், கெய்ரோவுக்குத் தெற்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில், பெனி சுயெஃப் மாகாணத்தில் இருக்கிறது. அந்த மாகாணத்திலும் பக்கத்து ஃபயூமிலும் வெளிநாட்டவர் வண்டியைக் கண்டால் சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள், பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள், சில நாள் ஒரு காவல் வாகனத்தைப் பின்னாலேயே அனுப்புவார்கள். இந்தப் பாதுகாப்புக்குக் கட்டணம் கிடையாது. பதிவு பெற்ற முகமைகள் பயணிகளின் பெயர்ப் பட்டியலையும் வழித்தடத்தையும் சுற்றுலாக் காவல் துறைக்கு முன்கூட்டியே தெரிவிப்பது வழக்கம். அது அவர்கள் அன்றாடம் செய்யும் அலுவலக வேலை. அதைத்தான் உங்களுக்கு 60 டாலருக்கு விற்கிறார்.

கட்டணம் இல்லை என்றேனே தவிர, தொல்லை இல்லை என்று சொல்லவில்லை. காவல் வண்டி வரும்வரை சாவடியில் காத்திருக்கச் சொல்வார்கள். பத்து நிமிடமா ஒரு மணி நேரமா என்று யாராலும் சொல்ல முடியாது. மாகாண எல்லை வந்ததும் இந்த மாகாணக் காவலர்கள் உங்களை அடுத்த மாகாணக் காவலர்களிடம் ஒப்படைக்க வேண்டும், அவர்கள் இன்னும் வந்திருக்கமாட்டார்கள். ஒரு நாள் கேள்வியே இல்லாமல் விடுகிறார்கள், மறுநாள் அதே சாவடியில் ஓட்டுநரின் தாத்தா பெயர்வரை விசாரிக்கிறார்கள். ஒரு நாட்டின் பெருவருமானம் சுற்றுலா என்றால், இந்த ஊருக்கு இன்னின்ன நடைமுறை என்று ஒரு பக்கம் அச்சடித்து ஒட்டுவதில் என்ன கஷ்டம்? அந்த ஒரு பக்கம் இல்லாததால்தான் இடைத்தரகருக்குப் பிழைப்பு நடக்கிறது. ஆகவே காலை ஏழு மணிக்கே கெய்ரோவை விட்டுக் கிளம்புங்கள். ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டுக்கும் நான்கு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சாவடியில் ஓட்டுநர் பேசட்டும், நீங்கள் வண்டியிலேயே இருங்கள்.

அனுமதி நிஜமாகவே தேவைப்படும் ஓர் இடம் உண்டு. அதை விளக்காமல் விட்டால் அடுத்த ஏஜென்ட் அதை வைத்தே உங்களை மடக்குவார். எகிப்தின் மேற்குப் பாலைவனம் என்பது வேறு நிலம். பஹாரியா, ஃபராஃப்ரா பாலைவனச் சோலைகள், வெண்பாலைவனம், பஹாரியாவிலிருந்து சீவாவுக்குப் போகும் வழி ஆகிய இடங்களுக்கெல்லாம் முன் அனுமதி பெற்றுத்தான் போக வேண்டும், அனுமதி வாங்கும் பொறுப்பு முகமையுடையது. இதில் விளையாட்டே கூடாது. 2015 செப்டம்பரில் அந்தப் பாலைவனத்தில் வண்டியை நிறுத்தி உணவருந்திக்கொண்டிருந்த ஒரு சுற்றுலாக் குழுவைத் தீவிரவாதிகள் என்று தவறாக எண்ணி எகிப்தியப் பாதுகாப்புப் படையினரே சுட்டார்கள். எட்டு மெக்சிகோ நாட்டவர் உட்பட 12 பேர் இறந்தார்கள். குழுவிடம் அனுமதி இருந்ததா, அது தடைசெய்யப்பட்ட பகுதியா என்று அரசுத் தரப்பும் வழிகாட்டிகள் தரப்பும் பிறகு மாறி மாறிப் பேசின. அந்தச் சம்பவத்துக்குப் பின் பாலைவன அனுமதி என்ற சொல்லுக்கே ஓர் அச்சம் ஒட்டிக்கொண்டது, தரகர்கள் அந்த அச்சத்தைத்தான் விற்கிறார்கள்.

மெய்தூம் அந்தப் பாலைவனத்தில் இல்லை. நைல் பள்ளத்தாக்கின் வயல்கள் முடிந்து மணல் தொடங்கும் விளிம்பில் இருக்கிறது. பிரமிடின் அடியில் நின்று கிழக்கே பார்த்தால் பச்சை வயல்களும் பேரீச்ச மரங்களும் ஊரும் தெரியும். வரைபடத்தில் மஞ்சள் நிறமாக இருப்பதாலேயே அது பாலைவனப் பயணம் ஆகிவிடாது. மெய்தூமோடு சேர்த்து பழங்காலத் திமிங்கலங்களின் புதைபடிவங்கள் கிடக்கும் ஃபயூமின் திமிங்கலப் பள்ளத்தாக்கையும் பார்க்கச் சிலர் திட்டமிடுவார்கள். வாதி அல் ஹிதான் என்று அழைக்கப்படும் அந்த இடம் 2005 முதல் உலகப் பாரம்பரியத் தலம். பகலில் போய்த் திரும்புவதானால் அங்கும் நுழைவு டிக்கெட் போதும். இரவு கூடாரம் அடித்துத் தங்குவது, அங்கிருந்து இன்னும் மேற்கே போவது என்றால் கதை வேறு. அப்போது அனுமதியை முகமை எழுத்தில் காட்டட்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

ட்ரோனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். கோவையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். எகிப்தில் அனுமதியின்றி ட்ரோன் கொண்டுவருவதே குற்றம், விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.

இனி உங்கள் தந்தை. நேராகவே சொல்கிறேன், அவர் உள்ளே இறங்க வேண்டாம். மெய்தூமின் வாசல் தரையில் இல்லை. வடக்குப் பக்கத்தில், இன்றைய தரைமட்டத்திலிருந்து பதினாறு மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஐந்து மாடிக் கட்டடத்தில் படியேறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏறி முடித்ததும் இறக்கம் தொடங்குகிறது. ஓர் ஆள் மட்டுமே போகக்கூடிய சரிவுப் பாதையில் முதுகை வளைத்தபடி, காலுக்கு அடித்த சட்டங்களில் குதிகாலை ஊன்றி ஊன்றிப் போக வேண்டும். கீழே போனதும் கொஞ்ச தூரம் சமதளம், பிறகு செங்குத்தாக ஓர் ஏணி. ஏணிக்கு மேலேதான் அறை. காற்று குறைவு, வெப்பம் அதிகம், நடுவில் உட்கார இடம் கிடையாது. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது மூட்டு நோகும். வந்த வழியே திரும்ப வேண்டும் என்பதால் இரண்டும் இரண்டு முறை. பாதி வழியில் முடியவில்லை என்றால் அவரைத் தூக்கிவர அங்கே ஆள் கிடையாது.

"மெய்தூம் எளிதுதான், தாஷூரின் சிவப்பு பிரமிடுதான் கடினம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிவப்பு பிரமிடு இன்னும் கடினம் என்பது உண்மை. அங்கே வாசல் 28 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சரிவுப் பாதை 60 மீட்டருக்கு மேல் நீளம், உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. அதற்காக இது எளிது என்று ஆகிவிடுமா? மெய்தூமில் பிரமிடுக்கு வடகிழக்கே 17ஆம் எண் மஸ்தபா (மேல்பரப்பு தட்டையான, மேடைபோன்ற) கல்லறை இருக்கிறது. அதற்குள் பழங்காலத் திருடர்கள் குடைந்த துளை வழியாகத் தவழ்ந்துதான் போக முடியும். உள்ளே பெரிய கருங்கல் சவப்பேழை இருக்கிறது. "ஸ்பெஷலாகத் திறந்து காட்டுகிறேன்" என்று காவலாளி அழைக்கும்போது தந்தை வெளியே நிழலில் இருக்கட்டும். உங்களுக்கு உடம்பு இடம் கொடுத்தால் நீங்கள் போய் வாருங்கள், பார்க்கத் தகுந்ததுதான். காவலாளிக்கு இனாமாகச் சிறு பக்‌ஷீஷ் கொடுப்பது அங்கே நடைமுறை. அது நீங்கள் மனமுவந்து கொடுப்பது. "உள்ளே போக இவ்வளவு" என்று அவர் தொகை சொன்னால் அச்சடித்த டிக்கெட்டைக் கேளுங்கள். அரசு வசூலிக்கும் எந்தக் கட்டணத்துக்கும் கவுண்டரில் டிக்கெட் உண்டு.

உள்ளே போகாவிட்டால் பாதிப் பயணம் வீண் என்று தந்தை வருந்துவார். வருந்த வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். மெய்தூமின் உள்ளறையில் ஓவியம் இல்லை, எழுத்து இல்லை, சவப்பேழையும் இல்லை. மேலே போகப்போகக் குறுகும் கற்கூரையும் சில பழைய மரக்கட்டைகளும்தான் இருக்கின்றன. கட்டடக் கலை படித்தவருக்கு அந்தக் கூரை ஒரு புதையல், மற்றவர்கள் இரண்டு நிமிடத்தில் திரும்பிவிடுவார்கள். இந்தத் தலத்தின் அதிசயம் வெளியே இருக்கிறது. சுமார் 4,600 ஆண்டுகளுக்கு முன் ஸ்னெஃபெரு மன்னர் காலத்தில் முதலில் படிப்பிரமிடாகக் கட்டி, பிறகு படிகளை நிரப்பி வழவழப்பான பிரமிடாக மாற்றினார்கள். அந்த வெளிப்போர்வை இன்று சரிந்து கிடக்கிறது. நடுவில் கோபுரம்போல நிமிர்ந்து நிற்பது உள்ளே இருந்த பழைய படிக்கட்டடம். பிரமிடை எப்படிக் கட்டினார்கள் என்று வெட்டிக் காட்டியதுபோல் தெரியும் இடம் இதைவிட்டால் எகிப்தில் எனக்குத் தெரிந்து இல்லை. இதைப் பார்க்க ஒரு படி ஏற வேண்டாம்.

கிழக்குப் பக்கம் தந்தையைக் கட்டாயம் அழைத்துப் போங்கள், மணலில் மெதுவாக நடந்தால் போதும். அங்கே ஒரு சின்னஞ்சிறு கோயிலும், எழுத்தே பொறிக்காத இரண்டு கல் தூண்களும் இருக்கின்றன. ஸ்னெஃபெருவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, மூன்றாம் துட்மோஸ் மன்னர் காலத்தில் ஓர் எழுத்தர் அங்கு வந்து, ஸ்னெஃபெருவின் அழகான கோயிலைப் பார்க்க வந்தேன், அதற்குள் வானமே இருப்பதுபோலவும் கதிரவன் உதிப்பதுபோலவும் கண்டேன் என்று சுவரில் மையால் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அவரும் நம்மைப்போல் வேடிக்கை பார்க்க வந்தவர்தான்.

இந்தக் கிறுக்கல் இன்னொன்றுக்கும் உதவும். வாடகைக்கு வரும் வழிகாட்டிகளில் பலர், "கட்டிக்கொண்டிருக்கும்போதே பிரமிடு இடிந்து ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் புதைந்தார்கள்" என்று கண்கலங்கச் சொல்வார்கள். கட்டும்போதே சரிந்தது என்று 1970களில் குர்ட் மெண்டல்சன் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கருத்து ஒன்று உண்டு, அதற்கு இவர்கள் பிணங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அவ்வளவு பழங்காலத்திலேயே இடிபாடு வந்து விழுந்திருந்தால் கோயில் அதனடியில் மூடியிருக்கும், அந்த எழுத்தர் உள்ளே நுழைந்திருக்கவே முடியாது. பின்னால் இடிபாட்டில் மூடிப்போன அந்தக் கோயிலை ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்ற தொல்லியலாளர் 1891இல் தோண்டித்தான் வெளிக்கொண்டு வந்தார். வழிகாட்டி இந்தக் கதையை ஆரம்பித்தால், அவருடைய உரிம அட்டையைப் பார்க்கக் கேளுங்கள். எகிப்தில் உரிமம் பெற்ற எகிப்தியர் மட்டுமே வழிகாட்டியாகப் பணியாற்றலாம், உரிமம் உள்ளவர் அட்டையைக் காட்டத் தயங்கமாட்டார்.

அதே நாளில் ஃபயூமின் ஹவாரா பிரமிடையும் சேர்த்து, "உள்ளே அழைத்துப் போகிறோம்" என்று நிகழ்ச்சிநிரலில் எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். ஹவாரா பிரமிடின் பாதையில் நிலத்தடி நீர் ஏறி மூழ்கியிருக்கிறது. தந்தைக்குக் கூடுதலாக ஏதேனும் காட்ட விரும்பினால், கெய்ரோ தஹ்ரிர் சதுக்கத்துப் பழைய அருங்காட்சியகத்தில் ஓர் அரை நாள் ஒதுக்குங்கள். மெய்தூம் கல்லறைகளில் கிடைத்த அருமையான பொருள்கள் அங்கேதான் போய்ச் சேர்ந்தன.

பணம் பற்றி ஒரு விஷயம். எகிப்தின் பெரும்பாலான தொல்லியல் தலங்களில் இப்போது டிக்கெட்டுக்கு வங்கி அட்டை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறார்கள். எந்த வாசலில் எந்த விதி என்பது அன்றைக்கு அங்கே போய்த்தான் தெரியும், எரிச்சலூட்டும் ஏற்பாடு. நம் ஊர் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பொதுவாக முடக்கித்தான் தரப்படுகிறது. கிளம்பும் முன் வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிடுங்கள். இரண்டு பேரிடம் தனித்தனி அட்டையும், கொஞ்சம் எகிப்திய பவுண்டு ரொக்கமும் இருக்கட்டும். "அட்டை வேலை செய்யாது, என்னிடம் பணமாகக் கொடுங்கள், நான் கட்டிவிடுகிறேன்" என்று கவுண்டர் அருகே ஒருவர் வருவார். அவரிடம் பேச்சே வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஏஜென்டுக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்த அனுமதியை வழங்கும் அலுவலகத்தின் பெயர் என்ன, கட்டணத்துக்கு அந்த அலுவலகத்தின் ரசீது கிடைக்குமா என்று கேளுங்கள். "அதெல்லாம் வாய்மொழியாகத்தான்" என்று பதில் வந்தால் வேறு முகமையைப் பாருங்கள். ஓட்டுநருடன் கூடிய காரை ஒரு நாளுக்கு வாடகைக்குப் பேசி, காத்திருப்பு நேரம், சுங்கம், ஓட்டுநர் சாப்பாடு எல்லாம் அதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிவிட்டால் மெய்தூமுக்கு வேறு எதுவும் தேவையில்லை. அங்கே போன பிறகு யாராவது அனுமதி என்று பணம் கேட்டு மறித்தால், எகிப்தின் சுற்றுலாக் காவல் துறை எண் 126. அவர் முன்னாலேயே அழையுங்கள்.