வயிறு ஒத்துக்கொள்ளாத சின்ன நாய்க்கு நீண்ட நேரம் கடிக்க எதைக் கொடுக்கலாம்?

உங்கள் ஷிட்சூவுக்கு நான்கு வயது, எடை நாலரை கிலோ. கடையில் வாங்கிய எந்த எலும்பைக் கொடுத்தாலும் மறுநாள் பேதியாகிறது, கொடுக்காவிட்டால் செருப்பைக் கடித்துத் துப்புகிறான் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டு ஜூலியும் அந்த அளவுதான், பொமரேனியன், அவளுக்கும் இதே வயிறு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரொம்ப நேரம் தாங்க வேண்டியது, நாயின் வயிற்றுக்குள் போகாத பொருள். வயிற்றுக்குள் போவது சீக்கிரம் கரைந்துவிட வேண்டும். கடையில் இந்த இரண்டையும் ஒரே பொருளில் தருவதாகச் சொல்லி விற்கிறார்கள். சின்ன நாய்களுக்குத் தொந்தரவு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெட் ஷாப்பில் முடிச்சுப் போட்ட வெள்ளை எலும்பு தொங்குமே, அது எலும்பே இல்லை, தோல். மேலடுக்கு செருப்புக்கும் பைக்கும் போக, உள்ளடுக்கை இப்படிச் சுருட்டிக் காயவைக்கிறார்கள். முடி நீக்கச் சுண்ணாம்பு, வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் பட்டு வருவது. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்கு இந்த வேலை நன்றாகவே தெரியும். கடிக்கக் கடிக்க அது எச்சிலில் ஊறி வழவழப்பாகும். ஒரு கட்டத்தில் நாய் மீதியை அப்படியே விழுங்கிவிடும், வயிற்றுக்குள் போய் இன்னும் ஊதும். ஒரு லாப்ரடாரின் குடலில் நழுவிப் போய்விடுகிற துண்டு, நாலரை கிலோ நாயின் குடலில் அடைத்துக்கொள்ளலாம். இதை மட்டும் அடியோடு நிறுத்திப் பாருங்கள், பாதித் தொல்லை குறைய வாய்ப்பிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மிஞ்சும் கோழி, ஆட்டு எலும்பும் வேண்டாம். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடையும். பாக்கெட்டில் விற்கும் பதப்படுத்திய எலும்புகளைப் பற்றியே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரிக்கை வெளியிட்டது. மாங்கொட்டையும் சோளக்கட்டையும்கூட குடலை அடைப்பதில் பேர்போனவை. மாம்பழ சீசனில் குப்பைக்கூடையை மூடி வையுங்கள்.

மான்கொம்பு, குளம்பு, கெட்டி நைலான் எலும்பு இவையெல்லாம் மாதக்கணக்கில் தாங்கும், ஆனால் பல் தாங்காது. மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல் பட்டையாகப் பெயர்ந்துவிடும். கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திப் பாருங்கள். நகம் பதியவில்லை என்றால் அது உங்கள் நாய்க்கு அதிகக் கெட்டி.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு புல்லி ஸ்டிக் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது காயவைத்த காளைக் குறி. தோலைவிட எளிதில் செரிக்கும், அது உண்மைதான். ஆனால் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 6 அங்குலக் குச்சி ஒன்றில் சராசரியாக 88 கலோரி இருந்தது. உங்கள் நாயின் எடைக்கு அது ஒரு நாள் தேவையில் 30 சதவீதம். தீனி தவிர்த்துக் கொடுக்கும் எதுவும் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதுதான் பொதுவாக டாக்டர்கள் சொல்லும் அளவு. அதே ஆய்வில் 26 குச்சிகளில் ஏழில் ஈகோலை கிருமி இருந்தது. வயிறு நன்றாக இருக்கும் பெரிய நாய் சமாளித்துக்கொள்ளும். உங்கள் நாய்க்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சரி, பின்னே எதைத்தான் கொடுப்பது? எங்கள் வீட்டில் முக்கால்வாசி வேலையை முடிப்பது ஒரு ரப்பர் பொம்மை. காங் என்று கேட்டால் தருவார்கள், வேறு கம்பெனிகளிலும் உண்டு. குட்டிகளுக்கென்று வரும் மென்மையான ரகமாக, இரண்டு பக்கமும் ஓட்டை இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே ஓட்டை இருந்தால் உள்ளே காற்று இழுத்து நாக்கு மாட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. உப்பில்லாமல் குழைய வேகவைத்த சாதமும் பரங்கிக்காயும் பிசைந்து உள்ளே அடைப்பேன். சில நாள் தோல் நீக்கிய கோழிக்கறியை வேகவைத்து, நார் நாராகக் கிழித்துச் சேர்ப்பேன். வெங்காயம், மசாலா எதுவும் படக்கூடாது. தயிர் ஒத்துக்கொள்ளும் நாய் என்றால் மேலே ஒரு ஸ்பூன் தயிர். இரவு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, காலையில் எடுத்து பத்து நிமிடம் வெளியே விட்டுக் கொடுங்கள். ஜூலி அதை முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, கடைவாயால் ரப்பரை அமுக்கி அமுக்கி உள்ளே இருப்பதைப் பிதுக்கி எடுப்பாள். மெல்லுகிற ஆசையும் தீரும், நக்குகிற ஆசையும் தீரும். உள்ளே போவது என்னவோ இரண்டு மூன்று ஸ்பூன் சாதம்தான். அந்த அளவை அன்றைய தீனியில் கழித்துவிடுங்கள்.

நிஜமாகவே கடித்துத் தின்ன வேண்டும் என்றால் சர்க்கரைவள்ளிக்கிழங்கு நல்ல தேர்வு. நீளவாக்கில் விரல் தடிமனுக்கு வெட்டி, இட்லிப் பாத்திரத்தில் அரை வேக்காடு வேகவைத்து, ஓவனில் குறைந்த சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் காயவிட்டால் ரப்பர் மாதிரி இழுபடும் பட்டைகள் கிடைக்கும். ஒரு நாளைக்கு ஒரு பட்டை போதும். ஃப்ரிட்ஜில் வையுங்கள், நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் பூஞ்சை பிடித்துவிடும்.

நேபாளத்திலிருந்து வரும் சுர்பி என்கிற பால்கட்டியும் இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. கொழுப்பு எடுத்த பாலைத் திரித்து, அழுத்தி, காயவைத்தது. மணமும் அழுக்கும் இல்லை, பாலில் உள்ள அளவுக்கு லாக்டோஸும் இல்லை. ஆனால் கல் மாதிரி கெட்டி, மேலே சொன்ன நகச் சோதனையில் தேறாது. அதனால் நான் முழுக்கட்டியாகக் கொடுப்பதில்லை. சின்னத் துண்டை நீரில் ஊறவைத்து மைக்ரோவேவில் அரை நிமிடத்துக்கு மேல் வைத்தால் பொரிந்து உப்பிவிடும். நன்றாக ஆறிய பிறகு கொடுங்கள், உள்ளே சூடு நிற்கும். பால் பொருளே ஆகாத நாய் என்றால் இதையும் விட்டுவிடுங்கள்.

எதைப் புதிதாக ஆரம்பித்தாலும் ஒரு வாரத்துக்கு அது ஒன்று மட்டும்தான். முதல் நாள் ஐந்து நிமிடம் கடிக்கவிட்டு வாங்கி வைத்துவிட்டு, மறுநாள் மலத்தைப் பாருங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுத்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது. பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படியுங்கள். முன்னால் காய்கறி என்று போட்டிருக்கும், பின்னால் கோழிச் சுவை, கோதுமை, நிறமி எல்லாம் இருக்கும். கடலை வெண்ணெய் தடவுவதாக இருந்தால் அதில் சைலிட்டால் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தச் சர்க்கரை மாற்று நமக்கு ஒன்றும் செய்யாது, நாய்க்கு விஷம்.

கடிக்கும் நேரம் முழுக்க யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். துண்டு வாய்க்குள் முழுசாகப் போகிற அளவுக்குச் சிறுத்துவிட்டால் எடுத்துவிடுங்கள். பிடுங்காதீர்கள், பிடுங்கினால் அடுத்த முறை அவசரமாக விழுங்கக் கற்றுக்கொள்ளும். ஒரு துண்டு கோழிக்கறியைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

திரும்பத் திரும்ப வாந்தி, வயிறு இறுகிப்போவது, சாப்பிட மறுப்பது, மலம் வராமல் முக்குவது, மலத்தில் ரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். என்ன கடித்தது என்று சொல்ல, மீதித் துண்டையும் பாக்கெட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இப்படி எதுவும் இல்லாமல், கடிக்கக் கொடுப்பதை எல்லாம் இரண்டு வாரம் நிறுத்தியும் பேதி நிற்கவில்லை என்றால், காரணம் வேறு எங்கோ இருக்கிறது. மலப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். குடற்புழுவோ, தினசரித் தீனியோகூடக் காரணமாக இருக்கலாம்.