குவாஷும் வெள்ளையும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். ஞாயிறு காலைகளில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் விசைப்படகுகளை வரைவேன். வாட்டர்கலரில் பழகியவன், இப்போது குவாஷ் என்ற கெட்டியான, அடியை மறைக்கும் நீர்வண்ணம் வாங்கியிருக்கிறேன். வானத்தையும் கடலையும் அல்ட்ராமரைன் நீலத்தில் பூசி, காய்ந்தபின் மேலே மஞ்சள் படகை வரைகிறேன். நீலம் ஏறிவந்து மஞ்சள் அழுக்குப் பச்சையாகிவிடுகிறது. மறைக்கட்டும் என்று வெள்ளை சேர்த்தால் படகே வெளிறிப்போகிறது. குவாஷ் எதையும் மறைக்கும் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். அக்ரிலிக்குக்கு மாறிவிடட்டுமா?

– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பி,

மாற வேண்டாம். உங்கள் படகில் இரண்டு சிக்கல்கள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. அடிக்கலர் தெரிவது ஒன்று, கரைவது இன்னொன்று. கரைவதற்கு வெள்ளை மருந்தே இல்லை. தெரிவதற்கும் அது பாதி மருந்துதான்.

வாட்டர்கலர், குவாஷ் இரண்டிலும் இருப்பவை நிறமித்தூள், அரபிக் கோந்து, தண்ணீர். குவாஷில் நிறமியின் பங்கு அதிகம். சில கம்பெனிகள் சுண்ணாம்புத்தூள் போன்ற வெள்ளைப் பொடியும் சேர்க்கின்றன. ஒரு வெள்ளை நிறமி எவ்வளவு மறைக்கும் என்பது, சுற்றியுள்ள கோந்தைவிட அது ஒளியை எவ்வளவு கூடுதலாக வளைக்கிறது என்பதைப் பொறுத்தது. கோந்தின் ஒளிவிலகல் எண் (ஒளியை வளைக்கும் அளவு) சுமார் 1.5. ஜிங்க் வெள்ளைக்கு 2.0, டைட்டானியம் வெள்ளைக்கு 2.5க்கு மேல். அதனால் ஜிங்க் மெலிதாக அடியைக் காட்டும், டைட்டானியம் மூடிவிடும். ட்யூபில் நிறமிக் குறியீடு பிடபிள்யூ 4 (PW4) என்றிருந்தால் ஜிங்க், பிடபிள்யூ 6 (PW6) என்றால் டைட்டானியம். நிறத்தை இளசாக்க ஜிங்க்கைக் கலக்கலாம். டைட்டானியத்தைக் கடைசியில் வைக்கும் வெளிச்சப் புள்ளிகளுக்கு ஒதுக்கிவையுங்கள். ஆழ்ந்த மஞ்சளை ஆழம் குறையாமல் மறைக்கவைக்க இரண்டாலும் முடியாது.

அதற்கு மஞ்சளையே மாற்ற வேண்டும். கேட்மியம் மஞ்சளும் எல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சளும் இயல்பாகவே நன்றாக மறைப்பவை. ட்யூபில் பெயரோடு ‘ஹியூ’ என்று இருந்தால் உள்ளே இருப்பது கேட்மியம் இல்லை, வேறு நிறமி. அது எப்படி நடந்துகொள்ளும் என்று நீங்கள்தான் பார்த்தறிய வேண்டும். அல்ட்ராமரைன், தாலோ நீலம், குவினாக்ரிடோன் ரோஸ் ஆகியவை குவாஷ் ட்யூபில் வந்தாலும் அடியைக் காட்டும் சுபாவத்தை முழுதாக விடுவதில்லை. தண்ணீரில் கரையாத கறுப்பு மையால் ஒரு தாளில் கோடு போட்டு, வைத்திருக்கும் கலர் ஒவ்வொன்றையும் கெட்டியாக, கொஞ்சம் நீர்விட்டு, நிறைய நீர்விட்டு என்று அதன் குறுக்கே பூசி, காயவிட்டு, எதில் கோடு மறைகிறது என்று பாருங்கள். காய்ந்தபின்தான் பார்க்க வேண்டும். குவாஷில் இளநிறங்கள் காய்கையில் சற்றுக் கருக்கும், கருநிறங்கள் வெளுக்கும். கடைக்காரர் சொல்வதைவிட அந்தத் தாளை நம்பலாம்.

இனி கரைவது. அரபிக் கோந்து காய்ந்தபிறகும் தண்ணீர் பட்டால் இளகும். வாட்டர்கலர் கை பழக்கத்தால் மேல்பூச்சிலும் நீர் கூடுதலாக வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அடிப்பூச்சை மெலிதாக, தாள் உறிஞ்சிக்கொள்ளும்படி போடுங்கள். மேல்பூச்சு கடைந்த தயிர்ப் பதத்தில் இருக்கட்டும். மென்மையான பிரஷில் எடுத்து ஒரே இழுப்பில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். திரும்பத் தேய்த்தால் நீலம் எழுந்துவிடும். காசிமேட்டுக் கடற்காற்றின் ஈரத்தில், காய்ந்ததுபோல் தெரியும் தாள் உண்மையில் காய்ந்திருக்காது. புறங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்றிருந்தால் காத்திருங்கள்.

ஆனால் ஏன் எல்லாவற்றையும் மறைக்க வேண்டும்? 19ஆம் நூற்றாண்டில் திருச்சி ஓவியர்கள் கண்ணாடிபோல் மறுபக்கம் தெரியும் மைக்கா (அப்பிரகம்) தகடுகளில் இதே வகை மறைக்கும் நீர்வண்ணத்தால் வரைந்தார்கள். முகம் ஓர் அட்டையில் இருக்கும். உடைகள் மட்டும் வரைந்த மைக்கா தகடுகளை அதன்மேல் மாற்றி மாற்றி வைத்தால் ஆள் மாறிவிடுவார். கலர் மறைக்கிறது, தகடு காட்டுகிறது. ஒன்றில்லாமல் இன்னொன்றுக்கு அங்கே வேலையில்லை. எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் காலைப் புழுக்கத்தில் பாதி கரைந்து நிற்குமே, அவற்றைக் கெட்டிக் கலரில் எழுப்பினால் பொய்யாகிவிடும். அங்கே நீரை விடுங்கள், தாள் தெரியட்டும். முன்னால் நிற்கும் படகின் பக்கவாட்டை மட்டும் கெட்டியாகப் போடுங்கள். பக்கத்தில் மெலிந்த பூச்சு இருந்தால்தான் அதற்குக் கனம் வரும்.

அக்ரிலிக் காய்ந்தால் கரையாது, உண்மை. மேலே எத்தனை பூச்சு வேண்டுமானாலும் போடலாம். ஆனால் படகின் அடி தண்ணீரைத் தொடும் விளிம்பை மறுநாள் ஈரப் பிரஷால் தொட்டு இளக்குவது அதில் நடக்காது. நீங்கள் வரைவது படகுகளை. அந்த விளிம்பு உங்களுக்கு வேண்டும்.

அன்புடன்,
அக்கா