மைக்செட் காதில் விழுந்த லண்டன் ராப்

(பதில் சொல்பவர்: மதுரை பழங்காநத்தத்தில் இருபது வருடம் மைக்செட் கடை வைத்திருந்தவர்)

1980களின் லண்டன் ராப் என்றால் உங்களுக்கு உயிர் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். மதுரையில் இருந்த உங்கள் காதுக்கு அது எப்படி வந்தது?
- வாசகர், திருமங்கலம்

கேசட்டில் வந்தது. பெரியம்மா மகன் அண்ணன் லண்டனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தார். 1985 சித்திரைத் திருவிழாவுக்கு வந்தவர் பெட்டியில் நாலு கேசட் இருந்தன. ரெண்டு, 'ஸ்ட்ரீட் சவுண்ட்ஸ் எலக்ட்ரோ' தொகுப்புகள். மார்கன் கான் 1983இல் தொடங்கிய வரிசை அது. பெரும்பாலும் அமெரிக்கப் பாட்டுகள்தான். ஆனால் ஒன்று எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்றே தெரியாதபடி ஹெர்பி என்ற லண்டன் டிஜே அவற்றைக் கோத்திருப்பார். மற்ற ரெண்டும் அண்ணனே ரேடியோ முன்னால் டேப்ரெக்கார்டரை வைத்துப் பிடித்தது. லண்டன் கேபிடல் ரேடியோவில் மைக் ஆலன் ராத்திரியில் நடத்திய ராப் நிகழ்ச்சி. பாட்டுக்கு நடுவே அண்ணன் தட்டு கழுவும் சத்தமும் கேட்கும்.

அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் கடைக்குள் ஆம்ப்ளிஃபயரில் போட்டேன். குழாய் ஸ்பீக்கரில் குரல் மட்டும் கணீரென்று வந்தது, அடி வரவில்லை. கல்யாணத்துக்குப் போடும் 15 அங்குலப் பெட்டிக்கு வயரை மாற்றினேன். 808 டிரம் மெஷின் விழுந்த அடியில் தகரக் கதவு அதிர்ந்தது. பக்கத்து டீக்கடை அண்ணாச்சி கிளாஸோடு ஓடி வந்தார்.

அமெரிக்காவில் பிறந்த ராப்பை லண்டன்காரர்கள் பாடியதில் அப்படி என்ன புதுசு?
- வாசகி, மேலூர்

பேச்சுதான் புதுசு. அதுவும் உடனே வந்துவிடவில்லை. டெரெக் பி என்ற லண்டன் ராப் பாடகர் 1988இல் டாப் ஆஃப் தி பாப்ஸ் டிவி நிகழ்ச்சி வரைக்கும் போனார், அது பெரிய விஷயம். ஆனால் அவர் வாயில் வந்தது நியூயார்க் பேச்சு. அன்றைக்குப் பலரும் அப்படித்தான் பாடினார்கள்.

லண்டன் ராப்புக்கு இன்னொரு வேர் உண்டு. ஜமைக்காவிலிருந்து லண்டனில் குடியேறியவர்கள் 'சவுண்ட் சிஸ்டம்' நடத்தினார்கள். சொந்தமாகப் பெட்டி, சொந்தமாக ஆம்ப்ளிஃபயர், ரிக்கார்டு போட ஒருவர், மைக்கில் பேச ஒருவர். நம்ம மைக்செட்டேதான்! சாக்ஸன் என்ற அந்த மாதிரி செட்டில் வளர்ந்த ஸ்மைலி கல்ச்சர் 1984இல், லண்டன் தெருப் பேச்சையும் ஜமைக்கா பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பாட்டே பாடினார்.

அப்புறம் லண்டன் பாஸி என்ற ராப் குழு வந்தது. ராட்னி பி, பயானிக் ரெண்டு பேரும் 1990இல் கொடுத்த 'கேங்ஸ்டர் க்ரானிக்கிள்' ஆல்பம் அடுத்த வருடம் அண்ணன் கையோடு மதுரை வந்தது. பாதி வார்த்தை எனக்குப் புரியவில்லை. ஆனால் வீட்டில் அம்மாவிடமும் தெருவில் கூட்டாளியிடமும் பேசுகிற அதே வாயால் பாடுகிறார்கள் என்பது முதல் பாட்டிலேயே புரிந்தது. அதுவரை நான் மைக்கைப் பிடித்தால் ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி பேசுவேன். சென்னையில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு, அந்தக் கூச்சம். அந்த ஆவணியில் செக்கானூரணிப் பக்கம் ஒரு காதுகுத்து. "வண்டியை அங்கிட்டு நிப்பாட்டுங்க, பந்திக்கு இங்கிட்டு வாங்க" என்று மைக்கில் சொன்னேன். முன்வரிசையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கிழவி நிமிர்ந்து பார்த்து, "நம்ம புள்ளயா பேசுறது?" என்றார்.

பெண்கள் பாடினார்களா?
- வாசகி, உசிலம்பட்டி

நன்றாகவே பாடினார்கள். தெற்கு லண்டனின் குக்கி க்ரூ என்ற பெண்கள் குழு, பீட்மாஸ்டர்ஸ் என்ற இசைக்குழுவோடு சேர்ந்து பாடிய பாட்டு 1988இல் பிரிட்டிஷ் தரவரிசையில் 5ஆம் இடம் வரை ஏறியது. லண்டன் பெண் மோனி லவ் 1989இல் அமெரிக்காவின் குயின் லத்தீஃபாவோடு சேர்ந்து பாடினார். யார் குரல் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அந்தக் கேசட்டுகள் இன்னும் இருக்கின்றனவா?
- வாசகர், சோழவந்தான்

மூன்று இருக்கின்றன. மைக் ஆலன் கேசட்டில் ஒன்றை பிளேயர் கடித்துவிட்டது. பென்சிலால் சுற்றி, கசங்கிய இடத்தை வெட்டி ஒட்டியும் தேறவில்லை. மற்றதில் தட்டு கழுவும் சத்தம் அப்படியே இருக்கிறது. அண்ணன் இப்போது இல்லை. அந்த இடம் வரும்போது மட்டும் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பேன்.